காலியாக வந்த தண்ணி பாட்டில்

ஜான்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடலூர் முதுநகரில் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த நாளிலேயே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ரேஷன் கடைக்காரரோ டவுன் பஸ் கண்டக்டரோ கிடையாது. கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகும் அந்தக் குணம் இம்மியும் குறையவில்லை. கணவன் ராஜவேல் கடலூருக்குப் பக்கத்தில் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து, கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்வான். தெருமுனையிலேயே மனைவியின் சத்தம் கேட்டால், "இன்னிக்கி யாரு மாட்டுனது?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவான்.

அவள் கோபம் பெரும்பாலும் நியாயமான கோபம். அதுதான் தொல்லை. நியாயமில்லாமல் கத்துகிறவளை விட்டு ஒதுங்கிப் போய்விடலாம். நியாயத்தோடு கத்துகிறவளிடம் யாரால் வாய் கொடுக்க முடியும்?

அண்ணாமலைநகரில், பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. மாணவர்களின் தீசிஸை டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கடையில் கம்ப்யூட்டர் உண்டு, ஏசி உண்டு, சாமி படத்துக்குச் சீரியல் லைட் உண்டு, கக்கூஸ் மட்டும் இல்லை. பக்கத்து ஓட்டலில் போய்க் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பான். ஜான்சியும், கூட வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வியும் காலையில் குடித்துவிட்டு வரும் காப்பியோடு சரி. சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இதற்காகவும் ஜான்சி முதலாளியிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறாள். அவர் "பாப்போம், பாப்போம்" என்று சொல்லியே வருஷத்தை ஓட்டிவிட்டார்.

2010 ஜூனில் மகள் வெண்மதியைப் பிளே ஸ்கூலில் சேர்த்தாள். குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. கீழவீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் யானையும் ஆப்பிளும் வரைந்து நடத்தினார் ஞானாம்பாள் டீச்சர். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட புடவை, கசங்காத குரல். சாயங்காலம் வரை குழந்தைகளை வைத்துக்கொள்வார்கள் என்பதால், வேலைக்குப் போகும் பெண்களெல்லாம் அங்கேதான் பிள்ளைகளை விட்டார்கள். ராசம்மாள் என்று ஒரே ஓர் ஆயா. பெருக்குவது, சோறு ஊட்டுவது, கழுவிவிடுவது எல்லாம் அவள்தான்.

முதல் மாதம் வெண்மதி தினமும் ஈரப் பாவாடையோடு வீடு வந்தாள். துணி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, ஆட்டோவில் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நாற்றம். தொடையிடுக்கெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. ஜூலையில் பெற்றோர் கூட்டம் போட்டபோது மற்ற அம்மாக்கள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சி எழுந்தாள்.

"எங்க புள்ளைங்க படிக்க வருதா, மூத்திரத்துல ஊற வருதா டீச்சர்? நாளைலேர்ந்து எம் புள்ள ஈரத்தோட வந்துச்சின்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். ஞானாம்பாள் டீச்சர் நிதானமாகத் தலையாட்டினார். "இனிமே ஈரம் வராது. நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே ஈரம் வரவில்லை. வெண்மதி அடுத்த வாரத்திலிருந்து மொடமொடவென்று காய்ந்த பாவாடையோடு வந்து இறங்கினாள். ஜான்சி கடையில் போய்ப் பெருமையடித்துக்கொண்டாள். "கேட்டாத்தான் நடக்கும் தமிழு. வாயில்லாத புள்ளைங்களுக்கு நாமதான வாயி?"

ஆனால் அதே வாரத்திலிருந்து தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தது. காலையில் ஊற்றிக் கொடுத்த தண்ணீர் சாயங்காலமும் கழுத்துவரை அப்படியே நிற்கும். "ஏன்டி குடிக்கல?" என்று கேட்டால் குழந்தை "வேணாம்" என்று சொல்லிவிட்டு ஓடும். இரண்டரை வயதுக் குழந்தையிடம் அதற்கு மேல் என்ன விசாரிப்பது? நாள் முழுக்கத் தொண்டை வறள உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஜான்சிக்குத் தெரியும். கடையில் அப்படி இருப்பது அவள் தலையெழுத்து. பிள்ளைக்கு என்ன வந்தது? இந்தப் பக்கத்து போர் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், அதனால்தான் வெறுக்கிறாள் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். டீச்சரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் போய்க் கேட்கிறவள், இதற்குக் கேட்கவில்லை.

தமிழ்ச்செல்விதான் வழி சொன்னாள். "எங்க அண்ணன் புள்ளயும் இப்படித்தான் முரண்டு புடிச்சிது. ஆரஞ்சு பவுடர் விக்குதுல்ல, அத ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடு. மொடக்கு மொடக்குன்னு குடிக்கும் பாரு."

அன்று சாயங்காலமே வாங்கிக் கலக்கிக் கொடுத்தாள். வெண்மதி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சுவிடாமல் குடித்தாள். மறுநாள் பள்ளிக்கும் அதையே கொடுத்தனுப்பினாள். பாட்டில் காலியாக வந்தது. ஜான்சிக்குத் தலைகால் புரியவில்லை. காலி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ராஜவேலிடம் காட்டினாள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? காலையில் பள்ளிக்கு ஆரஞ்சு, சாயங்காலம் வந்ததும் ஆரஞ்சு, ராத்திரி தூங்கும்போது பால் பாட்டிலிலும் அதே ஆரஞ்சு. இனிப்பு பற்றவில்லையோ என்று மேலே ஒரு கரண்டி சர்க்கரை வேறு. வெண்மதி பாட்டில் ரப்பரை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள். ராஜவேல் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பல்லு போயிடப் போவுது ஜான்சி."

"பால் பல்லுதான மாமா, வுழுந்து மொளைக்கப் போவுது. தண்ணி உள்ள போவுதா இல்லியா, அத மட்டும் பாருங்க."

ஆட்டோவை விட்டு இறங்கியதும் குழந்தை பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுவதை, ஆரஞ்சு பாட்டிலைப் பிடுங்குவதை, குடித்த வேகத்தில் பாதி சட்டையில் வழிவதை இருவருமே பார்த்தார்கள். ருசி பிடித்துப்போய்விட்டது என்று சிரித்தார்கள். நாள் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காத பிள்ளைதான் அப்படிக் குடிக்கும் என்று பெற்ற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள்தான் இருவரும்!

ஆகஸ்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றுக்கு உட்கார்ந்தால் வீறிட்டு அழுதாள். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அதுவும் மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்த நிறத்தில். ஜான்சி அவளைத் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினாள். டாக்டரம்மா சிறுநீர்ப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "யூரின்ல இன்ஃபெக்ஷன். புள்ள தண்ணி எவ்வளவு குடிக்கறா?" என்று கேட்டார்.

"ஸ்கூல்லயே ஒரு பாட்டில் காலி பண்ணிடுவா டாக்டர்."

"தண்ணி குடிக்கற புள்ளைக்கு யூரின் இப்படிப் போவாதும்மா."

"நான் பொய் சொல்றேங்கறீங்களா?" ஜான்சிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"நீங்க பொய் சொல்லல. பாட்டில் காலியாவுது. ஆனா புள்ள வயித்துக்குள்ள போவல. எங்க போவுதுன்னு மொதல்ல போய்ப் பாருங்க." டாக்டர் வெண்மதியின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கினார். முன்பற்களின் ஈறோரத்தில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. "இது எதுனால?"

ஜான்சி ஆரஞ்சுப் பவுடரைப் பற்றிச் சொன்னாள். டாக்டருக்கும் கோபம் வந்தது. ஜான்சியைப் போலக் கத்தவில்லை, அவ்வளவுதான். "இந்த வயசுல தண்ணி, பால், மோரு, இது போதும். சக்கர கலந்த எதுவும் இப்ப வேணாம். ரெண்டு வயசு வரைக்கும் கண்ணுலயே காட்டக் கூடாது, அதுக்கு மேலயும் தெனமும் குடுக்கக் கூடாது. பெரியவளானதும் கல்யாணம், பொறந்தநாளுன்னா ஒரு வாய் குடிச்சிட்டுப் போறா. தாகத்துக்குக் குடுக்கறது சக்கரத் தண்ணியா? அதுவும் ராத்திரி பூரா வாயில வெச்சிக்கிட்டு! சின்ன டம்ளர்ல வெறும் தண்ணிய அடிக்கடி குடுங்க. நீங்களும் கூட உக்காந்து குடிங்க, பாத்துக் குடிப்பா. மொகத்தத் திருப்பினா திட்டாதீங்க, கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடியும் குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் ஜான்சி பவுடர் டப்பாவை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். டப்பாவையும் தூக்கி எறிந்தாள். வெண்மதி ஆரஞ்சு வேண்டுமென்று தரையில் புரண்டு அழுதாள். வெறும் தண்ணீரை உதட்டருகே கொண்டுபோனாலே தலையை வெடுக்கென்று திருப்பினாள். மாத்திரையைக் கரைத்த தண்ணீரையும் மோரையும் ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டி, ராஜவேலும் அவளும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு காய்ச்சலை ஒரு வழியாக இறக்கினார்கள்.

காய்ச்சல் விட்டு மறுபடி பள்ளிக்கு அனுப்பிய அன்று, பாட்டிலில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். கடையில் உட்கார்ந்தும் டாக்டர் சொன்னது மண்டையைக் குடைந்தது. பாதி டைப் அடித்ததை அப்படியே விட்டுவிட்டு, "மருந்து குடுத்துட்டு வரேன் சார்" என்று முதலாளியிடம் சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

பள்ளியின் முன்கதவு தாழிட்டிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ராசம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பிள்ளைகளின் பாட்டில்கள். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, இனிப்பு வாசனை அடித்தால் சாக்கடையில் ஊற்றினாள். மஞ்சளும் ரோஸும் ஆரஞ்சுமாகச் சாக்கடை ஓடியது. ஓரம் முழுக்க எறும்பு.

"என்னா செய்யிற நீ?"

ராசம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள். "யம்மா, நீங்களா! சக்கரத் தண்ணிய வெச்சா அலமாரி பூரா எறும்பு வந்துடுதும்மா. புள்ளைங்கள கடிக்குது. அதான் காலைலயே ஊத்திடறது. வெறுந்தண்ணியா இருந்தா அப்படியே பையில வெச்சி அனுப்பிடுவேன்."

"அப்ப புள்ளைங்க என்னாத்த குடிக்கும்?"

"சோறு தின்னதும் ஒரு மொடக்கு குடுப்பேம்மா, தொண்டைய அடைச்சிக்கும்னு. அதுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க. குடுத்தேன்னு தெரிஞ்சா என்னிய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் என்னா செய்யறது?"

ஜான்சிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ராசம்மாளைக் கடந்து, பின்வாசல் படியைத் தாண்டி, நேராக வகுப்பறைக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் வாயில் விரல் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெண்மதி மூலையில் கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தவள், டீச்சரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"எம் புள்ளைக்குத் தண்ணி குடுக்காதன்னு சொன்னது யாரு?"

"சத்தம் போடாதீங்க. புள்ளைங்க பயப்படும்" என்றார் ஞானாம்பாள் டீச்சர்.

"பயப்படட்டும்! மூத்திரம் போக முடியாம எம் புள்ள துடிச்சாளே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க? காசு வாங்கிக்கினு புள்ளைங்கள காயப்போட்டு வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

டீச்சரின் குரல் அப்போதும் உயரவில்லை. "நீங்க கேட்டதத்தான் செஞ்சேன். எழுந்து நின்னு ஈரம் வரக் கூடாதுன்னு கத்தினது யாரு? நாப்பது புள்ளைங்க, ஒரு ஆயா, ஒரு பாத்ரூம். ஈரம் வரக் கூடாதுன்னா வேற என்ன செய்யச் சொல்றீங்க? அதுக்கப்பறம் ஒரு அம்மாகூட கம்ப்ளைன்ட் பண்ணல. எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தாங்க. நீங்களும்தான்."

தான் போட்ட சத்தம்தான் பிள்ளையின் தொண்டையை அடைத்திருக்கிறது என்பது அப்போதுதான் ஜான்சிக்கு உறைத்தது. ஆனால் அவள் ஜான்சி. கொஞ்ச நேரத்திலேயே கோபம் திரும்பி வந்தது, முன்னைவிடச் சூடாக.

"ஈரம் வேணாம்னா இன்னொரு ஆயா வெக்கணும். இன்னொரு கக்கூஸ் கட்டணும். அப்பப்ப எழுப்பிக் கூட்டிக்கினு போவணும். ஒண்ணும் முடியாதுன்னா 'உம் புள்ளைக்குத் தண்ணி குடுக்க மாட்டேன், சம்மதமா'ன்னு என்னக் கேட்டிருக்கணும். கேட்டீங்களா? கேட்டிருந்தா நான் தலையாட்டியிருப்பேனா? நாப்பது வருஷம் வாத்தியாரா இருந்தீங்களே, புள்ளைக்குத் தாகம் எடுக்கும்னு உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலியா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை மீட்டிங் வெக்கறேன். ஈரத்தோட வந்தா பரவால்லன்னு எல்லாப் பேரண்ட்ஸும் சொல்லட்டும். அப்பறம் குடுக்கறேன்."

அன்று ராத்திரி விஷயத்தைக் கேட்ட ராஜவேல், "வேற ஸ்கூல்ல போட்டுடலாம், வுடு" என்றான். "இந்தப் புள்ளய எடுத்துக்கிட்டுப் போயிடலாம் மாமா. மத்ததெல்லாம் நாக்கு வறண்டு உக்காந்திருக்குதே, அதுங்கள யாரு கேக்கறது?" என்றாள் ஜான்சி. ராஜவேல் சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு அவளோடு வந்தான்.

கூட்டம் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் தொடங்கியது. பிள்ளைகள் காலையிலிருந்தே வகுப்பில் இருந்தார்கள். அதுவரை பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்த வெண்மதியும் அன்று அவர்களோடு போய் உட்கார்ந்தாள். பெற்றோரைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஜான்சி நடந்ததையெல்லாம் சொன்னாள். டாக்டர் சொன்னதையும், சாக்கடையில் ஓடியதையும் சொன்னாள். தான் சத்தம் போட்டதால்தான் இது நடந்தது என்பதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் எல்லோரும் தன்னோடு சேர்ந்து கொதிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள்.

யாரும் கொதிக்கவில்லை. பாங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா தொண்டையைச் செருமினார். "எம் பையன் வீட்லயும் தண்ணி குடிக்க மாட்டான். அவனுக்கு அது பழக்கமே இல்ல. ஜூஸுன்னா குடிப்பான்." இன்னொரு பெண், "எம் பொண்ணும் அப்படித்தான். தண்ணிய ஜாஸ்தி குடுத்தா சளி புடிச்சிக்குது" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "யூனிபார்ம் நனைஞ்சா தெனமும் யாருங்க தொவைக்கறது? நாங்க வேலைக்குப் போறதில்லியா?" என்றது. பலர் தலையாட்டினார்கள். ஞானாம்பாள் டீச்சர் ஜான்சியைப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜான்சி எழுந்தாள். எல்லோரும் அவள் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பின்கட்டுக்குப் போய், சோற்றுக்குப் பின் கொடுக்கும் ஒரு மடக்குக்காக ராசம்மாள் காய்ச்சி ஆற வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "மாமா, அந்த டம்ளருங்கள எடுத்தாங்க" என்று ராஜவேலுக்குக் குரல் கொடுத்தாள். கூடத்தின் நடுவில் குடத்தை ணங்கென்று வைத்துவிட்டு, வகுப்பறைக் கதவைத் திறந்தாள்.

"யாருக்குத் தண்ணி வேணும்?"

பிள்ளைகள் நகரவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். "டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வாங்க" என்றாள் ஜான்சி. ஒரு பையன் மெல்ல எழுந்து வந்தான். அவள் நீட்டிய டம்ளரை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தான். முகவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு" என்றான். தண்ணீர்ப் பழக்கமே இல்லை என்று சொல்லப்பட்ட பையன் அவன்தான். பாங்க் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு குடத்தைச் சூழ்ந்தார்கள். ராஜவேலும் ராசம்மாளும் மொண்டு மொண்டு கொடுத்தார்கள். சளி பிடிக்கும் என்று சொல்லப்பட்ட குழந்தை இன்னொருத்தியின் டம்ளரைப் பிடுங்கிக் குடித்தாள். கூடத்தில் தண்ணீர் விழுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பின்வரிசையில் பேசிய பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஞானாம்பாள் டீச்சர் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். அவர் தலை குனிந்திருந்தது.

ஜான்சி கடைசியாக ஒரு டம்ளரை நிரப்பிக்கொண்டு வெண்மதியிடம் போனாள். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து வந்த பிறகும் அவள் மட்டும் மூலையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. அம்மாவின் கையில் டம்ளரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தாவி வந்து இரண்டு கையாலும் வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஆரஞ்சு இல்ல" என்றாள்.

"இல்லடி கண்ணு. தண்ணிதான். குடி."

வெண்மதி டம்ளரைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் ஜான்சியின் புடவையெல்லாம் கொட்டியது. கூடத்திலிருந்த அத்தனை பிள்ளைகளிலும் தண்ணீர் வேண்டாம் என்றவள் அவள் பிள்ளை ஒருத்திதான். வாய்வரை வந்த கோபத்தை ஜான்சி பல்லைக் கடித்து விழுங்கினாள். இந்த முறை அதைப் போய்க் காட்டுவதற்கு எதிரில் யாருமில்லை.

ராஜவேல் நீட்டிய இன்னொரு டம்ளரை வாங்கிக்கொண்டு, ஈரப் புடவையோடு மகளுக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் பார்க்கும்படி முதலில் தான் ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு டம்ளரை நீட்டினாள். வெண்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜான்சி கையை எடுக்கவில்லை.